ஒட்டங்குடி மசோதா

நினைவு மலருக்கு ஒரு பக்கம் வேண்டும், அதுவும் நாலு நல்ல வார்த்தையாக வேண்டும். அப்படித்தானே கேட்டீர்கள், தம்பி? உட்காருங்கள். அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆட்டம். இப்படிப் பெஞ்சில் உட்காருங்கள்.

எந்த ஊர் என்றீர்கள்? ஞானசிகாமணி நகரா? அந்த இடத்துக்கு ஒட்டங்குடி என்று பெயர். தபால்காரருக்கு நகராக இருக்கட்டும். என் வீட்டுக்குள் ஒட்டங்குடி என்றே சொல்லுங்கள். கோபித்துக்கொள்ள வேண்டாம். வக்கீல் ஞானசிகாமணி காரியத்துக்கு நான் வரவில்லை என்று உங்கள் பக்கம் பேசியிருப்பார்கள். எனக்கு முழங்கால் சரியில்லை. முழங்கால் சரியாக இருந்திருந்தாலும் வந்திருக்க மாட்டேன். இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள்.

என்னைப் பற்றி உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். சொல்லாவிட்டால் நானே சொல்கிறேன். வைரக்கண்ணு. இந்த ஜில்லாவில் நான் நின்று பேசாத முச்சந்தி கிடையாது. பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு. மீதிப் படிப்பெல்லாம் காலணாப் பிரசுரம். சந்தையில் கடலை மடித்துக் கொடுத்த காகிதம் பிரசுரமாக இருந்தால் கடலையை மடியில் கொட்டிக்கொண்டு காகிதத்தைப் படிப்பேன். பிரான்சில் நடந்தது, ருஷ்யாவில் நடந்தது எல்லாம் எனக்குக் காலணாவுக்குத் தெரியும். அமெரிக்கக்காரன் இங்கிலீஷ்காரனை விரட்டிவிட்டு மாகாணத்துக்கு மாகாணம் முதல் சட்டசபை கூட்டினானே, அதில் கலப்பை பிடித்தவனும் செருப்புத் தைத்தவனும் போய் உட்கார்ந்தான், காலையில் மனு வாசிப்பான், மத்தியானம் வாதாடுவான், சாயங்காலம் ஓட்டுப் போடுவான், அதுதான் அவன் தினசரி வேலை என்று ஒரு பிரசுரம் வந்தது. அதை எனக்குத் தலைகீழாக ஒப்பிக்கத் தெரியும். அதைப் படித்த அன்றைக்குத்தான் சபைக்குள் போக வேண்டும் என்று முடிவு செய்தேன்.

போனேன். வயது வந்த எல்லோருக்கும் ஓட்டு என்று ஆகிக் கூடிய முதல் சபை அது. எங்கள் விவசாயத் தொழிலாளர் அணிக்கு ஐந்து பேர். நான் தலைவர், ஞானசிகாமணி துணை. அவர் கறுப்புக் கோட்டுப் போட்ட வக்கீல். நல்ல குரல் கிடையாது. கூட்டத்தில் பேச எழுந்தால் பின்வரிசைக்காரன் வெற்றிலைக்குப் போய்விடுவான். ஆனால் சபை விதிப் புத்தகம் அவர் அக்குள் வியர்வையில் நனைந்திருக்கும். எப்போதும் அங்கேதான் இருக்கும்.

சபையின் தினசரி வேலை என்னவென்று வெளியில் இருப்பவனுக்குத் தெரியாது. காலையில் கேள்வி நேரம். பிறகு மந்திரிகள் மேஜைமேல் காகிதம் வைப்பார்கள். அப்புறம் பேச்சு. ஒருவர் தெலுங்கில் பேசுவார், ஒருவர் மலையாளத்தில் மறுப்பார், கன்னடத்தில் ஒருவர் சமாதானம் சொல்வார், மந்திரி எல்லோருக்கும் இங்கிலீஷில் பதில் சொல்வார். அன்றன்றைய அலுவல் பட்டியலும் இங்கிலீஷில்தான் அச்சாகி வரும். விடுதியில் காலையில் நான் முகச்சவரம் செய்துகொண்டிருக்கும்போது ஞானசிகாமணி வாசலில் நின்று அதைத் தமிழில் சொல்வார். நான் கேட்டதில்லை. அவராகத்தான் வந்து சொல்வார்.

சபையில் என் பெயர் நிலைத்தது வெளிநடப்பில். சிரிக்காதீர்கள், அதற்கும் ஒரு முறை இருக்கிறது. எழுந்திருக்க வேண்டும். துண்டை உதறித் தோளில் போட வேண்டும். நடுப்பாதையில் நிதானமாக நடந்து, கதவருகே ஒருமுறை திரும்பி ஒரே ஒரு வாக்கியம் சொல்லிவிட்டுப் போக வேண்டும். மற்றக் கட்சிக்காரர்கள் வெளியே போய் ஒரு காப்பி குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்துவிடுவார்கள். வெளிநடப்பு என்றால் காப்பி நேரம் என்றே ஆகிவிட்டது. நான் அப்படி இல்லை. எதற்காக எழுந்தேனோ அது தீராமல் திரும்ப மாட்டேன். பத்திரிகைக்காரர்கள் என் பேச்சைப் பற்றி எழுதியதைவிட என் நடையைப் பற்றி எழுதியதுதான் அதிகம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஒட்டங்குடியில் வாய்க்கால் படுகையில் நாற்பது குடிசை. எல்லாம் பண்ணையில் நடவு நட்டு, அறுப்பு அறுக்கிற ஜனங்கள். குடிசை அவர்கள் கட்டியது, மண் கீழைக்கரைப் பண்ணையாருடையது. பண்ணையார் சாமானியரில்லை. ஆளுங்கட்சி. சபையில் எனக்கு நேர் எதிர் வரிசையில் உட்கார்ந்து பொடி போட்டுக்கொண்டிருப்பார். ஜனங்கள் கூலி உயர்வு கேட்டார்கள். நான்தான் கேட்கச் சொன்னேன். 'கூலி தர்றேன், என் மண்ணைக் காலி பண்ணுங்க' என்றார் அவர். கோர்ட்டுக்குப் போய் ஆணையும் வாங்கிவிட்டார். ஞானசிகாமணி தவணைமேல் தவணை வாங்கித் தள்ளிக்கொண்டு வந்தார். கடைசித் தவணை ஒரு ஞாயிற்றுக்கிழமையோடு முடிந்தது. திங்கட்கிழமை கோர்ட் அமீனா காலி பண்ண வருவான்.

அந்த ஜனங்களுக்கு முன்னால் நின்றவள் காத்தாயி. புருஷன் பாம்பு கடித்துப் போய்விட்டான், இரண்டு பெண் பிள்ளைகள். வாய்க்காரி. 'ஐயா என்று கூப்பிடாதே, தோழர் என்று கூப்பிடு' என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். அன்றையிலிருந்து 'தோழரய்யா' என்று கூப்பிட்டாள்.

'தோழரய்யா, நாங்க ஓட்டுப் போட்ட எடத்துலே எங்களுக்கு ஒரு எடம் போட்டுக் குடுங்க' என்றாள். அவ்வளவுதான் கேட்டாள்.

அதற்குத்தான் மசோதா. பிறர் மண்ணில் குடிசை போட்டு வாழ்கிற கூலிக்காரனை அந்த இடத்திலிருந்து யாரும் வெளியேற்றக்கூடாது. ஒரே பிரிவு. வார்த்தை என்னுடையது. ஞானசிகாமணி அதற்கு இங்கிலீஷ் சட்டை மாட்டினார். மந்திரியல்லாத உறுப்பினர் கொண்டுவரும் மசோதாக்களுக்கென்று சில வெள்ளிக்கிழமைகளை ஒதுக்குவார்கள். யாருடையது முதலில் என்று சீட்டுக் குலுக்கி வரிசை போடுவார்கள். எங்களுடையது கூட்டத்தொடரின் கடைசி வெள்ளிக்கிழமையில் மூன்றாவதாக விழுந்தது. அன்றோடு சபை கலையும். சனி, ஞாயிறு போனால் திங்கட்கிழமை அமீனா. புரிகிறதா? அந்த ஒரு வெள்ளிக்கிழமைதான்.

வியாழன் சாயங்காலம் ஞானசிகாமணி விடுதிக்கு ஓடி வந்தார். அவர் ஓடி நான் பார்த்ததில்லை. கதவைச் சாத்தினார்.

'அண்ணே, ரெவின்யூ மந்திரி கூப்பிட்டுப் பேசினார். ஓட்டெடுப்புன்னு வந்தா அவங்க கட்சியிலேயே நம்ம டெல்டாப் பக்கத்து ஆளுங்க நமக்குப் போட்டுடுவாங்கன்னு பயம். தோத்துட்டா மந்திரிசபைக்கே அசிங்கம். அதனால நாம மசோதாவை முன்மொழிஞ்சதும் அவரே எழுந்திரிச்சு, பரிசீலிக்கச் சொல்லிப் பொறுக்குக் கமிட்டிக்கு அனுப்பலாம்னு ஒத்துக்கிறாராம். கமிட்டி முடியற வரைக்கும் யாரையும் காலி பண்ண போலீஸ் தரக்கூடாதுன்னு கலெக்டருக்கு உத்தரவு போறதா சபையிலேயே சொல்றாராம்.'

'அவன் சொன்னா நீ நம்பிட்டியா?'

'சபையிலே சொன்னா பதிவாயிடும் அண்ணே. அப்புறம் மாத்த முடியாது. நீங்க எழுந்து முன்மொழியணும், அவ்வளவுதான். நாளைக்கு ஒருநாள் மட்டும் உக்காந்திருங்க. யாரு என்ன சொன்னாலும் உக்காந்திருங்க.'

பாருங்கள், எனக்குச் சொல்கிறார், உட்கார்ந்திரு என்று. லத்திக்கு உட்காராதவன் நான். கடலூர் ஜெயிலில் வார்டன் உட்காரச் சொன்னதற்காகவே ராத்திரி முழுக்க நின்றவன். 'மந்திரியோட காப்பி குடிச்சியா?' என்று கேட்டேன். குடித்தேன் என்று ஒப்புக்கொண்டார். அப்போதே எனக்கு உறுத்திவிட்டது. காப்பிக்கும் துரோகத்துக்கும் தூரம் கிடையாது, தம்பி. பிரசுரங்களில் எத்தனையோ படித்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை வந்தது. காத்தாயியும் இன்னும் இரண்டு பெண்களும் முந்தின ராத்திரியே ரயிலேறி எழும்பூரில் இறங்கிவிட்டார்கள். பார்வையாளர் மாடத்துக்கு அனுமதிச் சீட்டு நான்தான் வாங்கிக் கொடுத்தேன். மாடத்தில் பேசக்கூடாது, எழுந்து நிற்கக்கூடாது, காலை நீட்டக்கூடாது என்று காவலர் சொன்னாராம். 'பண்ணை வீட்டுலே சொல்றதையேதான் சொல்றாங்க, தோழரய்யா' என்றாள். நான் சிரித்தேன். நான் சிரிக்கத் தெரியாதவன் என்று உங்கள் மலரில் யாராவது எழுதினால் இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி நேரத்தில் என் கேள்வி இருந்தது. ஜில்லாவில் எத்தனை குடும்பங்களைக் காலி செய்தார்கள் என்று. மந்திரி ஏதோ பதில் சொன்னார், நான் துணைக்கேள்வி கேட்டேன். அப்போது எதிர் வரிசையில் கீழைக்கரைப் பண்ணையார் பொடி டப்பியை மூடிவிட்டு எழுந்தார்.

'சபாநாயகர் அவர்களே, கனம் அங்கத்தினர் காலணாப் பிரசுரம் படிச்சிட்டு வந்து கேள்வி கேக்கிறார். பதிலும் காலணாவுக்குத்தானே கிடைக்கும்?'

சபை சிரித்தது. ஆளுங்கட்சி சிரித்தது, எதிர்க்கட்சி சிரித்தது, எனக்குப் பக்கத்தில் என் அணிக்காரன் ஒருவன் வாயைப் பொத்திக்கொண்டான். நான் எழுந்தேன். ஞானசிகாமணி என் துண்டு நுனியைப் பிடித்து இழுத்தார். 'அண்ணே, வேணாம்.' துண்டை உருவிக்கொண்டு எழுந்தேன்.

'அட்டைகூட வயிறு நிறைஞ்சா தானா விழுந்துடும். இந்தக் கனம் அட்டை மட்டும் ஒட்டங்குடி ஜனத்தோட காலைக் கடிச்சிக்கிட்டு விழவே மாட்டேங்குது' என்றேன்.

அதற்கும் சிரித்தார்கள். அதைவிடப் பெரிய சிரிப்பு. பண்ணையார் முகம் போன போக்கை இன்றைக்கும் கண்ணை மூடினால் பார்க்கலாம். ஆனால் சபாநாயகர் மணியைத் தட்டினார். 'அட்டை' சபைக்குரிய சொல் அல்ல, குறிப்பிலிருந்து நீக்கப்படுகிறது என்றார்.

நீங்கள் படித்தவர், நீங்களே சொல்லுங்கள். அவர் சொன்ன காலணா குறிப்பில் இருக்கலாம், நான் சொன்ன அட்டை இருக்கக்கூடாது. அதாவது நூறு வருஷம் கழித்து ஒருவன் எடுத்துப் படித்தால், அவர் என்னை அடித்ததும் நான் வாயை மூடிக்கொண்டு நின்றதும்தான் இருக்கும். 'அவருடையதையும் நீக்குங்கள், இல்லை என்னுடையதையும் வையுங்கள்' என்றேன். உட்காருங்கள் என்றார் சபாநாயகர். ஞானசிகாமணி கீழேயிருந்து, 'உக்காருங்க அண்ணே, மூணாவது நம்மது, மூணாவது நம்மது' என்று மந்திரம் ஜபிக்கிற மாதிரி முனகுகிறார்.

எனக்குத் தெரியாதா மூன்றாவது என்று? நான் கணக்குப் போட்டுத்தான் எழுந்தேன். முதல் மசோதா பொது இடத்தில் வெற்றிலை துப்புவதைப் பற்றி. அதில் பேச ஒரு படையே பெயர் கொடுத்திருந்தது. இரண்டாவது ஜோசியர்களைப் பதிவு செய்வது. எப்படியும் மத்தியானச் சாப்பாடு தாண்டிவிடும். அதற்குள் சபாநாயகர் இறங்கி வருவார், வார்த்தையைத் திருப்பித் தருவார், நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உள்ளே போய் மசோதாவை வைப்பேன். இதில் என்ன தப்பு?

துண்டை உதறினேன். நடந்தேன். கதவருகே திரும்பி, 'சொல்லை நீக்கலாம், கடித்த இடத்தை நீக்க முடியாது' என்றேன். நல்ல வாக்கியம். மறுநாள் பத்திரிகையில் பெரிய எழுத்தில் வந்தது. என் பின்னால் மூன்று பேர் வந்தார்கள். ஞானசிகாமணி வரவில்லை.

உட்கார்ந்திருந்தார், தம்பி. அணித் தலைவன் வெளியே போகிறான், துணைத் தலைவர் விதிப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி உட்கார்ந்திருக்கிறார். அந்தக் காட்சியைச் சபை முழுக்கப் பார்த்தது. இதற்கு என்ன பெயர் வைப்பது? உங்கள் மலரில் என்ன பெயர் வைப்பீர்கள்?

வராந்தாவில் நின்றோம். கதவு தள்ளினால் ஆடுகிற கதவு. உள்ளே பேசுவது நன்றாகக் காதில் விழும். முதல் மசோதாவைக் கூப்பிட்டார்கள். வெற்றிலைக்காரர் எழுந்தார். சர்க்காரே இதைப் பரிசீலிக்கிறது என்று மந்திரி உறுதி சொல்லிவிட்டதால் திரும்பப் பெறுகிறேன் என்றார். பேச இருந்த படையெல்லாம் அப்படியே அமுங்கிவிட்டது. இரண்டாவதைக் கூப்பிட்டார்கள். ஜோசிய மசோதாக்காரர் ஊரிலேயே இல்லை. 'அவருக்கு அவர் ஜோசியமே தெரியலை' என்று யாரோ சொல்ல, சபை மறுபடி சிரிக்கிறது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள், 'மூன்றாவது, கனம் அங்கத்தினர் வைரக்கண்ணு' என்கிறார் சபாநாயகர்.

என்னோடு வந்த மூன்று பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். ஒருவன், 'தோழர், போயிட்டு வந்து மறுபடி வெளிநடப்பு பண்ணிக்கலாமே' என்றான். இப்படிப்பட்டவர்களை வைத்துக்கொண்டுதான் நான் புரட்சி செய்ய வேண்டியிருந்தது. 'வார்த்தை உள்ளே போகட்டும், அப்புறம் நான் போறேன்' என்றேன். அவர்கள் ஒருவர் பின் ஒருவராகக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே நழுவிவிட்டார்கள். நான் தனியாக நின்றேன்.

உள்ளே ஞானசிகாமணியின் குரல். சொன்னேனே, பின்வரிசைக்குக் கேட்காத குரல். அன்றைக்கு வராந்தாவரை கேட்டது. 'சபாநாயகர் அவர்களே, அவர் வாசலில்தான் நிற்கிறார். அவருக்காக நான் முன்மொழிய அனுமதி வேண்டும்.'

'அவர் கைப்பட எழுதிக் கொடுத்தால் முன்மொழியலாம். இல்லாவிட்டால் விதியில் இடமில்லை' என்றார் சபாநாயகர். பிறகு, 'மணி அடிக்கச் சொல்கிறேன். மணி ஓயும்வரை பார்க்கலாம்' என்றார்.

சாமர்த்தியத்தைப் பாருங்கள். வழக்கமாக ஓட்டெடுப்புக்குத்தான் அந்த மணி அடிக்கும். எனக்காக அடிக்கச் சொல்கிறார். எதற்கு? மாடு கழுத்து மணிக்குத் தொழுவத்துக்கு வருவதுபோல வைரக்கண்ணு ஓடிவந்தான் என்று காட்டுவதற்கு. வராந்தாவில் என் தலைக்கு மேலேயேதான் அந்த மணி. காது கிழிந்தது. நான் அசையவில்லை.

சபைச் சேவகர் முனிரத்தினம் வெளியே வந்தார். சிவப்பு டவாலி போட்ட வயதான மனுஷர். கையில் ஒரு துண்டுச் சீட்டு, ஒரு பேனா, மூடி திறந்தபடி. சீட்டில் ஞானசிகாமணி எழுதியிருந்தார்: 'அண்ணே, கையெழுத்து மட்டும் போடுங்கள். நீங்கள் உள்ளே வர வேண்டாம். நான் பேசிக்கொள்கிறேன். காத்தாயி மேலே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறது.'

அந்தக் கடைசி வரியை அவர் எழுதியிருக்கக் கூடாது. என்னை இளக்குவதற்கு எழுதிய வரி. இளகுகிறவனா நான்? வெளிநடப்பில் வராதவனுக்கு வெளிநடந்தவன் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், அப்புறம் வெளிநடப்பு என்று ஒன்று எதற்கு?

'சார், மணி நிக்கப் போவுது சார்' என்றார் முனிரத்தினம்.

'நிக்கட்டும்.'

'பேனா மையி காயுது சார்.'

'காயட்டும்.'

அவர் என்னைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். கதவு பூட்டியா இருந்தது என்று பிற்காலத்தில் சிலபேர் கிண்டலாகக் கேட்டார்கள். பூட்டவில்லை. ஒரு விரலால் தள்ளினால் திறக்கிற கதவு. கதவா இங்கே பிரச்சினை? மணி நின்றது. அப்புறம் சபாநாயகர் குரல். முன்மொழிபவர் சபையில் இல்லை, மசோதா கைவிடப்பட்டது, அடுத்த அலுவல். பொடி டப்பி திறக்கிற சத்தம்கூட எனக்குக் கேட்டதுபோல இருந்தது.

காத்தாயி மாடத்துப் படியிறங்கி வந்தாள். அழுவாள், கத்துவாள், நாலு வார்த்தை தைரியம் சொல்லலாம் என்று தயாராக இருந்தேன். அவள் கேட்டது ஒன்றுதான்.

'தோழரய்யா, இப்பவே கெளம்புனா ரயிலு இருக்குதா? நாளைக்கே கூரையைப் பிரிக்கணும். அவுங்க வந்து பிரிச்சா கீத்தெல்லாம் கிழிஞ்சிடும்.'

'பிரிக்காதே. குடிசைக்குள்ளேயே இருங்க. நான் திங்கக்கிழமை வர்றேன், அமீனாவை மறிக்கிறோம்' என்றேன். சரிங்க என்றுதான் சொன்னாள். ஆனால் ஞானசிகாமணி அவர்களோடு அதே ரயிலில் போயிருக்கிறார். எனக்குப் பட்டணத்தில் வேலை இருந்தது. பத்திரிகைக்காரர்களுக்குப் பேட்டி கொடுக்க வேண்டும். அதோடு பிரசுரம் ஒன்றும் உடனே அச்சாக வேண்டியிருந்தது. 'உட்கார்ந்த துரோகி'. தலைப்பு நான் வைத்ததுதான். திங்கட்கிழமை நான் பிரசுரக் கட்டோடு ஒட்டங்குடியில் இறங்கும்போது படுகையில் ஒரு குடிசை இல்லை. அமீனா வெறும் மண்ணைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தான். மறிப்பதற்கு ஆள் வேண்டாமா? மாபெரும் போராட்டமாக வந்திருக்க வேண்டியது. கூரை முடிச்சோடு சேர்த்து அதையும் அவிழ்த்துவிட்டார்கள்.

ஞானசிகாமணி தன் புஞ்சைக் கொல்லையில் கயிறு பிடித்து மனை அளந்துகொண்டிருந்தார். கோட்டு இல்லை, வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். நாற்பது குடும்பத்துக்கும் அங்கே இடம். அவர் அப்பா விட்டுப்போன ஒரே சொத்து அது, எல்லோரும் சொல்வார்கள், நானும் மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் யோசித்துப் பாருங்கள். உரிமையாக வாங்க வேண்டியதைத் தானமாகக் கொடுத்துவிட்டார். ஜனங்களின் கோபத்தை இரண்டு முழக் கயிற்றால் அளந்து தீர்த்துவிட்டார். உங்கள் நகர் அப்படி வந்ததுதான். நீங்கள் பிறந்தது அங்கேதானா? சரி, அதில் உங்கள் தப்பு ஒன்றும் இல்லை.

பிரசுரத்தை அவரிடமே ஒன்று கொடுத்தேன். நின்றபடி படித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மறுபடி கயிற்றைப் பிடித்தார். பதில் சொல்லவில்லை. அன்றைக்கும் சொல்லவில்லை, செத்துப்போகிற வரைக்கும் சொல்லவில்லை. நியாயம் இருக்கிறவன் பேசாமல் இருப்பானா? அணியிலிருந்து நீக்கினோம். அடுத்த தேர்தலில் என் பிரசுரம் வீடு வீடாகப் போனது. அவர் தோற்றார். நானும் தோற்றேன், அது வேறு காரணம்.

ஆனால் ஒன்று, நான் விட்டுவிடவில்லை. அதை நீங்கள் எழுதியே ஆக வேண்டும். அடுத்த கூட்டத்தொடரில் சீட்டுக் குலுக்கியபோது எனக்கு ஓர் இடம் விழுந்தது. ஒருவருக்கு ஓர் இடம்தான். அணியிலிருந்து நீக்கிய பிறகும் ஞானசிகாமணி ஆள் மூலம் சொல்லி அனுப்பினார், மசோதாவையே மறுபடி கொண்டுவரச் சொல்லுங்கள், ஒட்டங்குடி போனாலும் மற்ற ஊர்களில் குடிசைகள் நிற்கின்றன என்று. எனக்கு வழி சொல்ல இவர் யார்? நான் அந்த இடத்தில் என் தீர்மானத்தை வைத்தேன். நீக்கப்பட்ட என் சொல்லைச் சபைக் குறிப்பில் மறுபடி சேர்க்க வேண்டும் என்ற தீர்மானம்.

அன்றைக்கு முதல் மணிக்கு முன்னாலேயே போய் என் இடத்தில் உட்கார்ந்துவிட்டேன். பண்ணையார் அன்றைக்கும் வாயைத் திறந்தார். பிரசுரக்காரர், நாலாம் வகுப்பு, என்னென்னவோ சொன்னார். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நடுவில் தண்ணீர் குடிக்கக்கூட எழுந்திருக்கவில்லை. பெயரைக் கூப்பிட்டார்கள், எழுந்தேன், முன்மொழிந்தேன். வழிமொழிய ஆள் வேண்டும். என் அணியில் மிச்சமிருந்த மூன்று பேரும் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் பின்வரிசையில் ஞானசிகாமணி எழுந்து வழிமொழிந்தார். மனசாட்சி குத்தியிருக்கும். ஓட்டெடுப்பு வைக்கவே இல்லை. அவ்வளவு சின்ன விஷயத்துக்கு எதற்கு என்று சபாநாயகர் ஒத்துக்கொண்டுவிட்டார். இன்றைக்கும் நூலகத்தில் பார்க்கலாம். கனம் அட்டை. அப்படியே இருக்கிறது. சபை வரலாற்றில் நீக்கிய சொல்லைத் திரும்ப வாங்கினவன் எனக்குத் தெரிந்து நான் ஒருவன்தான்.

அந்த அச்சுப் பிரதியைக் கையில் எடுத்துக்கொண்டு ஒட்டங்குடிக்குப் போனேன். முதலில் காத்தாயியிடம்தான் சொல்ல வேண்டும் என்று. அவள் அந்தக் கொல்லையில் சுவர் வைத்துக்கொண்டிருந்தாள். பெரிய பெண் மண் குழைத்துக் கொடுக்க, இவள் உருட்டி வைத்துக்கொண்டிருந்தாள். வேலையை நிறுத்தாமலே கேட்டாள். பண்ணையார் சொன்னது, நான் சொன்னது, வரிவிடாமல் வாசித்துக் காட்டினேன்.

'நல்லதுங்க' என்றாள். இன்னொரு உருண்டையை வைத்துவிட்டு, 'அந்த வார்த்தையைத் திரும்பச் சேக்கச் சொல்லி எங்கே நின்னு கேட்டீங்க, தோழரய்யா?' என்றாள்.

'சபையிலேதான்.'

'உள்ளேயா?'

'உள்ளேதான். பின்னே, வெளியிலே நின்னா எப்படிக் கேக்கிறது?'

அவள் மண்ணை எடுத்து அப்பினாள். நான் இன்னும் கொஞ்ச நேரம் நின்று அவளுக்கு விளங்கும்படி சபையின் முறையைச் சொன்னேன். முன்மொழிகிறவன் தன் இடத்தில் இருந்தாக வேண்டும், பெயரைக் கூப்பிட்டால் எழுந்தாக வேண்டும், யார் என்ன சொன்னாலும் பொறுத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் கேட்க வந்தது கைநழுவிப் போய்விடும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டே சுவரைத் தடவிக்கொண்டிருந்தாள். புரிந்திருக்காது, தம்பி. எழுதப் படிக்கத் தெரியாதவள்.